கேரியர் என்று எழுதிய கடிதம்

1

இந்தக் கதை பிறந்தது ஓர் அட்டவணையின் கடைசி வரியில். 1985இல் சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்கூடம் ஆயிரக்கணக்கானோரின் இரத்தத்தைச் சோதித்தது. ஹெபடைட்டிஸ் பி கிருமி இருந்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களில் டெல்டா என்ற இன்னொரு கிருமியும் சேர்ந்திருந்தவர் எத்தனை பேர்? 'இரண்டும்: 1' என்று தட்டச்சு செய்திருந்தார்கள். எங்கள் தமிழ் டாக்டருக்கு ஏக நிம்மதி. "ரொம்ப ரேர் லா, கவலைப்பட ஒண்ணுமில்ல" என்றார். அந்த ஒன்றின் பெயர் சம்சுன்னிசா. அவளும் கவலைப்பட வேண்டாம் என்றுதான் அர்த்தமோ என்னவோ.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'சிராங்கூன் ரோட்டில் மல்லிகை மணக்கும் ஒரு காலையில்' – அடித்துவிட்டேன். சம்சுன்னிசாவுக்குக் காலையில் மல்லிகை மோந்து பார்க்க நேரமில்லை. தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கி, ரோவல் ரோடு அடுக்குமாடி வீட்டில் சமைத்து, இருபது பேருக்குக் கேரியரில் சோறு அனுப்புகிறவள். இருபத்தோராவது கேரியர் அவள் கணவர் காதர் மைதீனுக்கு. அவர் செம்பவாங்கில் கப்பல் பட்டறை வெல்டர்.

அடுத்த தொடக்கம்: 'அவளுக்கு அந்த இரண்டு கிருமிகளும் வந்த விதம்' – இதுவும் நின்றுபோயிற்று. பிரசவத்தில் ஏற்றிய இரத்தமோ, வேறெதுவோ. யார் தலையிலாவது பழியைக் கட்டிவிட்டு நழுவலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

3

ஆய்வுக்கூடத்தின் கடிதத்தைத் தமிழாக்கியவர் நூர்தீன் என்ற கிளார்க். 'பாவம், அவருக்கு வேலை அதிகம்' என்று அவருக்காக ஒரு பத்தி எழுதிக் கிழித்தேன்.

[நூர்தீன் நான்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது.]

கிருமியை உடம்பில் வைத்திருப்பவருக்கு ஆங்கிலத்தில் 'கேரியர்' என்று பெயர். தமிழில் என்ன போடுவது? 'நோய் கடத்துபவர்' என்றால் கஞ்சாக் கேஸ் மாதிரி இருந்தது. 'கிருமி சுமப்பவர்' என்றால் பிள்ளை சுமப்பது மாதிரி. மணி பன்னிரண்டரை. எனக்குப் பசி. இப்படி எழுதி அனுப்பினேன்:

'தங்கள் பரிசோதனையில் ஹெபடைட்டிஸ் பி கிருமி கேரியர் எனத் தெரியவந்துள்ளது. வீட்டிலுள்ளவர்கள் ஒரு மாதத்துக்குள் வந்து தடுப்பூசி போட்டுக்கொள்ளவும்.'

4

சம்சுன்னிசா அதை இரண்டு தடவை படித்தாள்.

"பாத்தீங்களா, நம்ம கேரியர்ல கிருமியாம். லெட்டரே போட்டுட்டாங்க."

"நீதான் தேச்சுத் தேச்சுக் கழுவுவியே" என்றார் காதர் மைதீன். "பழசெல்லாம் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு."

மூன்று நாள் அடுப்பு பற்றவில்லை. இருபத்தொரு கேரியர்களும் கீழே குப்பைக்குப் போயின. புதியவற்றைச் சோடா உப்புப் போட்டுக் கொதிக்கவைத்தாள்.

"ஊசின்னும் எழுதியிருக்கே?"

"கேரியரைத்தான் மாத்தியாச்சே. ஊசி எதுக்கு? லீவு கேட்டா ஃபோர்மேன் மூஞ்சியைத் தூக்குவான்."

[குறிப்பு: இந்தக் கிருமிகள் சோற்றில் பரவுவதில்லை. இரத்தத்தில் பரவும், கட்டிலில் பரவும். பி இல்லாத உடம்பில் டெல்டா பிழைக்காது. பி தடுப்பூசி ஒன்றே இரண்டையும் தடுத்திருக்கும்.]

அடுத்த வருடம் நோன்பு மாதத்தில் காதர் மைதீனின் கண்கள் மஞ்சளாயின. இரண்டு கிருமிகளும் சேர்ந்தே உள்ளே புகுந்திருந்தன. பத்தாம் நாள் மவுத்து. அவர் இரத்தம் கொடுக்க வராததால் அட்டவணையில் அவருக்கு இடமில்லை. 'இரண்டும்: 1' அப்படியே அச்சேறியது.

5

கணவருக்காக நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருந்த இத்தா முடிந்ததும் சம்சுன்னிசா என் மேசைக்கு வந்தாள். கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாள்.

"தம்பி, நீங்க எழுதுன மாதிரியே எல்லாத்தையும் மாத்திட்டேன். ஒண்ணுகூட மிச்சம் வைக்கல. அப்புறம் எப்படி இவுங்களுக்கு வந்துச்சு?"

கேரியர் நீங்கள்தான் என்று சொல்லியாக வேண்டும். வீட்டில் பதினெட்டு வயது மகள் ஜரீனாவுக்கு இன்னும் ஊசி போடவில்லை.

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறேன். கணவரின் சாவு தன் உடம்பிலிருந்து போனது என்ற நினைப்போடு அவள் பஸ் ஏறுகிறாள்.

முடிவு இரண்டு: அதை மறைத்து, ஜரீனாவை மட்டும் ஊசிக்குக் கூட்டிவரச் சொல்கிறேன். "கேரியரைத்தான் மாத்தியாச்சே, தம்பி" என்கிறாள்.

முடிவு மூன்று: தப்பு என்னுடையது என்று காலில் விழு – வேண்டாம். கதையில் விழுவது சுலபம்.

நடந்தது இதுதான். மணி பன்னிரண்டரை. "டாக்டரைக் கேளுங்கம்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது அவள் இல்லை. அன்று டாக்டர் லீவு என்பது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவள் வரவேயில்லை, நானும் போகவில்லை. வெட்கமாக இருக்கிறது.

கடிதத்தை மட்டும் இப்போது திருத்தி வைத்திருக்கிறேன். ஒரு சொல் குறைகிறது. தெரிந்தால் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் போட்ட பிறகு ரோவல் ரோடு போய், கதவைத் தட்டி, அவள் முகத்தைப் பார்த்து நீங்களே வாசித்துக் காட்ட வேண்டும்.

'சம்சுன்னிசா அவர்களுக்கு, பாத்திரங்களில் ஒரு குறையும் இல்லை. நீங்கள்தான் ____________.'