நாலு சதவீதப் பொய்

"சிகரெட் பழக்கம் இருக்கா சார்?" என்று கேட்டாள் நர்ஸ்.

"அதெல்லாம் விட்டு மூணு வருஷமாச்சு."

பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையில்தான் குளியலறை ஜன்னலைத் திறந்துவைத்துப் புகையை விரட்டியிருந்தாள். இருபத்தாறு வருஷமாக இந்த மனுஷனோடு குப்பை கொட்டுகிறாள். கேள்வி முடியுமுன்பே பொய் வந்து நிற்கும் என்று தெரியும். ஆனால், புற்றுநோய்க்குக் குடலை வெட்டப்போகிற இடத்திலுமா?

"ஆறு மாசத்துல எடை குறைஞ்சிருக்கா?"

"அப்படியேதான் இருக்கேன்."

அவள் தையல்காரி. அவருடைய பேன்ட் எல்லாவற்றையும் இடுப்பில் ஐந்து அங்குலம் பிடித்துத் தைத்தவளே அவள்தான். இருந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். வாயே திறக்கக் கூடாது என்று வீட்டிலேயே சத்தியம் வாங்கியிருந்தார் இந்த மகாராசன்.

நர்ஸ் பதில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். வெட்டிய குடலைச் சேர்த்துப் போடும் தையல் விட்டுப்போக எவ்வளவு வாய்ப்பு என்று அது கணக்குச் சொல்லும். நாலு சதவீதம் என்றது. ஸ்கூல் பஸ் ஓட்டுகிற கணவர், முதல் ராங்க் வாங்கியவர் போலக் காலை நீட்டி உட்கார்ந்தார்.

சர்ஜன் வந்து திரையைப் பார்த்தார். "நல்லதா போச்சு. நேரா தச்சுடலாம். மலம் போக வயித்துல பை வைக்க வேண்டியதில்ல."

"தையல் விட்டுப்போனா?" என்றாள் தையல்காரி.

"உள்ளயே கசியும்மா. உயிருக்கே ஆபத்து. ஆனா இவருக்கு அந்த வாய்ப்பு கம்மி."

சத்தியமாவது ஒன்றாவது. "டாக்டர், நைஞ்ச துணியில எவ்வளவு நல்லா தச்சாலும் நிக்காது. இவர் தினம் அரை பாக்கெட் ஊதறாரு. இடுப்பு அஞ்சு இஞ்ச் இளைச்சிருக்கு. கொண்டுபோற சாப்பாட்டு டப்பா பாதி அப்படியே திரும்பி வருது. எல்லாத்தையும் மறுபடி போடச் சொல்லுங்க."

நர்ஸ் போட்டாள். பத்தொன்பது. சர்ஜன் கணவரை ஒரு பார்வை பார்த்தார். "சிகரெட்டை இன்னிக்கே நிறுத்துங்க. மூணு மாசம் பை இருக்கட்டும். தையல் ஆறினதும் எடுத்துடலாம்."

வெளியே வராந்தாவில், "மானத்தை வாங்கிட்டே" என்றார் கணவர்.

"உயிரோட இருந்தாத்தானே மானம்? கம்ப்யூட்டரை ஏமாத்திட்டா குடலும் ஏமாந்துடுமா?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பை வைக்க வேண்டிவரும்னு போன தடவையே சொன்னாங்க. அந்த நாத்தப் பையோட உன் பக்கத்துல எப்படிப் படுப்பேன்?"

இதற்காகவா? அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது.

"பை இல்லாம செத்துட்டா மட்டும் என் பக்கத்துலதான் படுத்திருப்பீங்களா?"

அவர் படியை நோக்கி நடந்தார். அவளும் விடவில்லை. அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, படி இறங்கி முடிக்கிற வரை திட்டிக்கொண்டே வந்தாள்.