எண்ணிக்கை போதாது

துடைப்பத்தோடு முன்னறைக்குள் எடுத்துவைத்த முதல் அடியிலேயே அத்தையின் காலில் கல் ஏறிவிட்டது. தம்பி போய்விட்டான் என்று கேட்ட நேரத்திலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் வீட்டையே தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று முதல் முறையாக அழுதாள்.

"பாத்தியா, போனப்புறமும் என்னைக் குத்தறான்," என்றாள்.

தம்பி மகள் அத்தையை நாற்காலியில் உட்கார வைத்துக் கைப்பையிலிருந்து இடுக்கியை எடுத்தாள். அவள் பல் டாக்டர். பிடுங்குவது கைவந்த கலை. உள்ளங்காலிலிருந்து வெளியே வந்தது நகக்கண் அளவு கற்சில்லு, பிளேடு மாதிரி.

இது எத்தனை ஆயிரம் வருஷத்துக் கல் என்று அத்தை கேட்டாள். போன வாரத்துக் கல்தான், அப்பா உடைத்தது என்று அவள் சொன்னாள். அத்தைக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம் போலிருந்தது.

அப்பா அகழாய்வுத் துறையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். சக ஊழியர்கள் கோட்டை, பொற்காசு என்று தோண்டிப் பேப்பரில் படம் வர நின்றுகொண்டிருக்க, இவர் பழைய கற்காலத்து வேட்டைக்காரர்கள் தங்கிய இடங்களைத் தேடிப் போனார். வீடே இல்லாதவன் எந்த மூலையில் உட்கார்ந்தான் என்று கண்டுபிடிக்க ஒரு ஆளுக்குச் சம்பளமா என்று சொந்தக்காரர்கள் சிரித்து, அவருக்குக் 'குகை' என்று பெயர் வைத்தார்கள். நான் தோண்டுவது வெட்டவெளியில், குகையில் இல்லை என்று அவர் திருத்திப் பார்த்தார். பெயர் நிலைத்துவிட்டது.

வேலை இதுதான். நடுவில் நெருப்பு எரிந்த கரி. சுற்றிலும் கற்சில்லு, எலும்புத் துண்டு. ஒவ்வொன்றும் கிடந்த இடத்தை அளந்து படம் வரைய வேண்டும். சின்னத் தூள் உட்கார்ந்தவன் காலடியில் விழும், பெரிய எலும்பைத் தோளுக்குப் பின்னால் வீசுவான். அதை வைத்து யார் எங்கே உட்கார்ந்தார்கள், எங்கே படுத்தார்கள் என்று சொல்லிவிடலாம், யாராவது பெருக்கியிருந்தால் ஒழிய. இருபதாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு சுத்தக்காரியை அப்பா வாய்விட்டுத் திட்டியதை மகள் சின்ன வயதில் கேட்டிருக்கிறாள்.

இப்போது அவர் முன்னறையில் நாலு மாதமாகத் துடைப்பம் பட்டதில்லை. கதவில் 'பெருக்காதீர்கள், ஆய்வு நடக்கிறது' என்று தாள் ஒட்டியிருந்தது. பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கொண்டுவந்து கிடத்த அந்த வீட்டில் இருந்த ஒரே பெரிய அறையும் அதுதான்.

மணி ஒன்பதாகியிருந்தது. அம்மா தையல் அறையில் இயந்திரத்தின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். விடியற்காலையில் வந்து இறங்கியதும் அவள் அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அப்பாவோடு பேசினாயா? அம்மா நூல்கண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, காப்பி குடிக்கிறாயா என்றாள். ஊரில் உள்ளவர்களையெல்லாம் வாயைத் திற என்று சொல்லித் திறக்க வைக்கிறவளுக்கு அந்த ஒரு வாயை மட்டும் திறக்க வராது.

சண்டை ஏழு மாதத்துக்கு முன்னால் வந்தது. கற்கால மனிதன் எலும்பை எப்படி உடைத்திருப்பான் என்று பார்க்க, அப்பா ஒரு மாட்டுத் தொடை எலும்பைக் கொண்டுவந்து வேக வைத்தார். வேக வைத்தது அம்மாவின் பெரிய பாத்திரத்தில். அன்றிலிருந்து அம்மா தையல் அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள். பேச்சு நின்றது. அதன்பிறகு அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது இருநூறு மைல் தள்ளியிருந்த மகள் வழியாகத்தான். தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொல்லு என்று ஒருவர் போன் பண்ணுவார். நிறுத்தியாச்சு என்று சொல்லு என்று மற்றவர். முன்பெல்லாம் வாரம் ஒருமுறை பேசியவள், இந்த ஏழு மாதமும் தினம் இரண்டு தடவை பேசினாள். ஒரு தடவை அப்பா, "உங்கம்மாகிட்ட சொல்லு, தையலுக்கு முன்னறை விளக்குதான் வெளிச்சம் ஜாஸ்தின்னு," என்றார். என் கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. ஒரு பல்லைப் பாதி பிடுங்கி நிறுத்திவிட்டு அவள் அதையும் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

சமாதானம் ஆகாமலே அப்பா போய்விட்டாரா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. வழியெல்லாம் பேருந்தில் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தாள். தான் இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரத் தூதாக இருந்திருக்கலாம் என்று அழுகையாக வந்தது.

அத்தை காலில் கட்டுப் போட்டுக்கொண்டு மறுபடி துடைப்பத்தை எடுத்தபோது அளவுக்காரர் வந்தார். அப்பாவோடு எல்லாக் குழிகளிலும் இறங்கிப் படம் வரைந்தவர். துக்கம் விசாரிக்க வந்த இடத்திலும் சட்டைப்பையில் அளவு நாடா. அறை வாசலில் நின்று தரையைப் பார்த்தார், துடைப்பத்தைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றுவிட்டார்.

"ஒரு மணி நேரம் குடுங்கம்மா. அளந்து வரைஞ்சிட்டு நானே பெருக்கிடறேன்."

அத்தை, சாவு வீட்டில் அளவெடுப்பது பெட்டிக்கு மட்டும்தான் என்றாள். அவர் அசையவில்லை. கடைசியில் நாற்பது நிமிடம் தருவதாகப் பேரம் முடிந்தது. அதற்குள் எதிர்வீட்டு ஓட்டுநரும் அவர் மனைவியும் வந்து, என்ன நடக்கிறது என்று புரியாமல் வாசலில் நின்று துக்கமான முகத்தோடு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள்.

தையல் அறையிலிருந்து நூல்கண்டு வாங்கிவந்து தரையில் கட்டம் கட்டினார் அளவுக்காரர். அவள் நாடாவின் மறுமுனையைப் பிடித்தாள். அப்பாவின் குழிகளில் சின்ன வயதில் பிடித்துப் பழகிய கைதான். தரையில் நின்ற மின்விளக்கைக் காட்டி, இதுதான் நெருப்பு என்றார். சார் சுவரில் சாய்ந்து, கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்து கல் உடைத்திருக்கிறார். முன்னால் கால் நீளத்துக்கு இரண்டு வெற்றுக் கோடு, நடுவில் சில்லுக் குவியல். எல்லாம் புத்தகத்தில் போட்டபடி இருந்தது. பிறகு அவர் முட்டிபோட்டுப் புத்தக அலமாரிக்குப் பின்னால் கையை விட்டார்.

"இது வீசுற இடம். ஆளுங்க குப்பையைத் தோளுக்குப் பின்னாடி வீசுவாங்க, பாப்பா."

கை நிறைய சாக்லேட் காகிதம் வந்தது. அவள் எண்ணினாள். நாற்பத்தேழு. அப்பாவுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. எல்லாம் ஒரே வகைக் காகிதம், அத்தை வீட்டுத் தெருமுனைக் கடையில் மட்டும் கிடைக்கிற வகை. எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தைக்குக் காலில் திடீரென்று வலி அதிகமாகிவிட்டது.

"கேட்டான், குடுத்தேன்," என்று கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "என் தம்பிதானே."

ஓட்டுநரின் மனைவி மூக்கை உறிஞ்சினாள்.

விளக்குக்கு இடப்பக்கம் வந்ததும் அளவுக்காரரின் பென்சில் நின்றது. சில்லுகள் அங்கே வட்டமாக ஒரு இடத்தை விட்டுவிட்டு விழுந்திருந்தன. வட்டத்துக்குள் ஒரு தூள் கிடையாது. அதற்குப் பின்னாலும் சுவர் வரை சுத்தம். கல் உடைக்கும்போது அந்தப் பக்கம் பறந்ததையெல்லாம் ஏதோ ஒன்று தடுத்திருக்கிறது. இதே மாதிரி வெற்றிடம் அவர்கள் கடைசியாகத் தோண்டிய இடத்திலும் இருந்ததாம். தோல் மூட்டை வைத்திருந்தார்கள் என்று மற்ற நிபுணர்கள் எழுதினார்கள். இல்லை, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார் என்று அப்பா மட்டும் அடம்பிடித்தாராம்.

"அதை நிரூபிக்க, ஆளுக்குப் பதிலா சார் ஏதாவது பெட்டி கிட்டி வச்சிருப்பாரு போல," என்றார்.

அவள் குனிந்து பார்த்தாள். வட்டத்தின் ஓரத்தில் நீல நூல் துணுக்குகள், சிவப்பு, மறுபடி நீலம். ஒரு வளைந்த குண்டூசி. பெட்டி நூல் கத்தரிக்காது.

அப்பாவின் ஆய்வு நோட்டு அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. முதல் பக்கத்தில், அவருடைய குழிக் குறிப்பின் நடையிலேயே எழுதியிருந்தார்: 'மாலை 1. விளக்குக்கு இடப்பக்கம் ஆள் ஒருவர், கால் மடக்கி. வெளிச்சத்துக்காக வந்ததாகத் தெரிகிறது. நாற்பது நிமிடம். பேச்சு இல்லை. எண்ணிக்கை போதாது. நாளையும் தேவை.'

அவள் பக்கம் புரட்டினாள். 'மாலை 4. ஆள் மேல் சில்லு பட்டது. முறைத்தார். பழைய மூக்குக்கண்ணாடி ஒன்று கொடுக்கப்பட்டது, ஏற்றுக்கொண்டார்.' 'மாலை 9. பேச்சு உண்டு. பாத்திரம் பற்றி.' 'மாலை 10. பேச்சு உண்டு. அதே பாத்திரம்.' 'மாலை 23. ஆள் சிரித்தார். காரணம் பதிவு செய்யப்படவில்லை.' ஒவ்வொரு குறிப்பும் அதே இரண்டு வாக்கியங்களில்தான் முடிந்தது. எண்ணிக்கை போதாது. நாளையும் தேவை.

அளவுக்காரர் நோட்டை வாங்கிக் கடைசிவரை புரட்டிவிட்டுக் குழம்பிப்போனார். "இந்த மாதிரி சோதனைக்குப் பத்து நாள் தாராளம் பாப்பா. சார் ஏன் நூத்திப் பன்னெண்டு நாள் பண்ணாரு? கணக்குல புலியாச்சே."

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு தையல் அறைக்குப் போனாள். அம்மா நிமிர்ந்து நோட்டைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

"நூல் கோக்க அங்க வெளிச்சம் நல்லா இருந்துச்சு," என்றாள்.

"நாலு மாசமாவாம்மா?"

"அவர்தான் எண்ணிக்கை போதாதுன்னுட்டே இருந்தார்."

அவளுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நேற்று முன்தினம்கூட, அப்பா மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்டுச் சொல்லு என்று இதே அம்மா போன் பண்ணியிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே பண்ணியிருக்க வேண்டும். அவர் எடுத்துப் பேசும்போது பின்னால் யாரோ இருமியதுகூட இப்போது ஞாபகம் வந்தது.

"பேசிட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அம்மா இயந்திரத்தின் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்தினாள்.

"சொல்லலாம்னுதான் நான் சொன்னேன். அவர்தான் வேண்டாம்னார். சொல்லிட்டா நீ மறுபடி வாரத்துக்கு ஒரு தடவைதான் கூப்பிடுவேன்னார்."

அவள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தாள். கடைசிப் பக்கத்தில் மாலை நூற்றுப் பன்னிரண்டு. 'ஆள் வந்தார். தையல் குறைவு, பேச்சு அதிகம். எண்ணிக்கை போதாது. நாளையும் தேவை.' அதற்குக் கீழே நூற்றுப் பதின்மூன்று என்று எண் மட்டும் போட்டு, கோடு இழுத்துத் தயாராக வைத்திருந்தார். அவள் நன்றாக அழுதாள். அம்மா எழுந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பத்தேமுக்காலுக்கு அளவுக்காரர் படத்தைச் சுருட்டிக்கொண்டு, வாக்குக் கொடுத்தபடி தானே பெருக்கினார். சில்லுகளைக் கட்டம்வாரியாகத் தனித்தனிப் பைகளில் போட்டுச் சீட்டெழுதியதால், அத்தை பின்னாலேயே நின்று கடிகாரத்தைப் பார்த்து முனகவேண்டியிருந்தது. பதினொன்றுக்கு அப்பா வந்தார். அவரைச் சுவரோரமாக, விளக்குக்குப் பக்கத்தில் கிடத்தினார்கள். அறை நிறைந்தது. எங்கே உட்காருவது என்று தெரியாமல் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

அம்மா மட்டும் நேராக நடந்து வந்து, விளக்குக்கு இடப்பக்கம், கால் மடக்கி உட்கார்ந்தாள். கையை நீட்டி விளக்கைப் போட்டாள்.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வாழ்நாளில் பகலில் ஒரு விளக்கை எரியவிட்டுப் பழக்கமில்லாத அத்தை, நொண்டிக்கொண்டே கூட்டத்தை விலக்கி விளக்கிடம் போனாள். சுவிட்சுக்குப் போன கை பாதியில் நின்றது. விளக்கின் கூண்டு கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதை நேராக்கி, வெளிச்சம் இடப்பக்கம் விழும்படி திருப்பி வைத்துவிட்டு வந்தாள்.