விங் கமாண்டர் அமலோற்பவத்தின் புகார்கள்

எங்கள் விமானம் பறப்பதற்கு இன்னும் நாற்பத்தொரு ஆண்டுகள் இருந்தபோது, அதை ஓட்டப்போகும் விமானியிடமிருந்து முதல் புகார்க் கடிதம் வந்தது. 1988 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு புதன்கிழமை. ஓசூரில் இருந்த கூட்டுத் திட்ட அலுவலகத்தில் அரசுத் தரப்பு வரைபடப் பொறியாளராக நான் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

வழக்கமாக முதலில் விமானத்தைச் செய்துவிட்டுப் பிறகு புகார்களுக்காகக் காத்திருப்பார்கள். அதில் காலம் வீணாகிறது என்று அரசும் அந்தத் தனியார் கம்பெனியும் சேர்ந்து போட்ட ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. முதலில் புகார்களை வாங்கிக்கொள்ள வேண்டும். அவை தீரும்படி விமானத்தை வரைய வேண்டும். எல்லாம் தீர்ந்த பிறகு செய்துகொள்ளலாம். ஆகவே நாற்பத்து மூன்று வயது விங் கமாண்டர் ஜெ. அமலோற்பவம் எங்களுக்கு எழுதினார். அதே அமலோற்பவத்துக்கு அந்த ஆகஸ்டில் இரண்டு வயது. நிலக்கோட்டையில் அப்பா அம்மாவோடு இருந்தாள்.

முதல் புகார் எனக்கு இன்னும் வரிக்கு வரி நினைவிருக்கிறது. "அதிகாலையில் முன்கண்ணாடியில் பனி படிகிறது. கையால் துடைக்க எட்டவில்லை." நீல மை, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. உறையில் ஒட்டியிருந்த தபால்தலை இன்னும் வெளியாகாதது. தபால்காரர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "படம் நல்லா இருக்கு சார்" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

அலுவலகத்தின் நடுவில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் அரசு, அந்தப் பக்கம் கம்பெனி. விமானமும் அப்படித்தான் பிரிக்கப்பட்டிருந்தது. விமானி கையால் தொடுவதெல்லாம் அரசு வரையும். கைக்கு எட்டாததெல்லாம் கம்பெனி வரையும். கூட்டு இயக்குநர் வரதராஜுலுவின் மேஜை கோட்டின் மேலேயே கிடந்தது. அரசுக் கோப்புகளில் இடது கையாலும் கம்பெனிக் கோப்புகளில் வலது கையாலும் கையெழுத்துப் போடுவார். இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

கோட்டுக்கு அந்தப் பக்கம், என் மேஜைக்கு நேர் எதிரே மெஹருன்னிஸா உட்கார்ந்திருந்தார். ஆம்பூர்க்காரர். என்னைவிட நான்கு வயது இளையவர். பாதி பிளேடால் பென்சில் சீவி, சீவலை ஒரு பழைய உறையில் சேர்த்து வைப்பார். நான் அவரை மேடம் என்பேன். அவர் என்னை நயினார் சார் என்பார். என் முழுப் பெயர் சங்கரநயினார். அதை முழுதாகச் சொன்னவர்கள் அந்த அலுவலகத்தில் யாருமில்லை.

நல்ல நாட்கள். ஓசூரில் அப்போது மின்விசிறி தேவைப்படாது. வரைபடப் பிரதி எடுக்கும் அறையிலிருந்து அம்மோனியா நெடி வரும். முதல் மாதம் கண்ணைக் கரிக்கும். பிறகு அது இல்லாவிட்டால் வேலை ஓடாது. பதினொரு மணி டீக்குக் கோட்டின் இரண்டு பக்கமும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நானும் மெஹருன்னிஸாவும் அந்த வாரத்துக் கடிதத்தைப் படிப்போம். ஒரு கடிதத்தில், விமானத்தைத் தலைகீழாகத் திருப்பினால் கையுறைப் பெட்டி திறந்துகொள்கிறது என்று இருக்கும். இன்னொன்றில், இடது இறக்கை காலையில் சோம்பலாக இருக்கிறது என்று இருக்கும். நாங்கள் பெட்டிக்குக் கொக்கி வரைந்தோம். இறக்கையின் கோணத்தைக் கொஞ்சம் மாற்றினோம். அடுத்த கடிதத்தில் அது பற்றிப் பேச்சு இருக்காது. தீர்ந்தது என்று பதிவேட்டில் எழுதுவோம்.

போகப்போக விங் கமாண்டர் புகாருக்குக் கீழே ஓரிரு வரி சேர்த்து எழுதினார். "இன்று இங்கே நல்ல மழை." "மெஸ்ஸில் அவியல் போட்டார்கள், உப்பு இல்லை." நாங்களும் பதிலின் அடியில் எங்கள் ஊர் மழையை எழுதினோம். மெஹருன்னிஸாவின் தங்கை கல்யாணத்துக்கு விங் கமாண்டர் வாழ்த்து எழுதியிருந்தார். கல்யாணம் பேசி முடிப்பதற்கு ஒரு மாதம் முன்பே வாழ்த்து வந்துவிட்டதால் வீட்டில் மாப்பிள்ளை தேடும் வேலை மிச்சமாயிற்று.

இருநூற்றுப் பன்னிரண்டாவது புகார் 1989 அக்டோபரில் வந்தது.

"பறவை மோதி என்ஜின் நின்றுவிட்டது. இருக்கையின் கைப்பிடியை இழுத்தேன். இருக்கை வெளியே போகவில்லை. இப்போது உயரம் நாலாயிரம் அடி. ஆவன செய்யவும்."

ஆபத்து வந்தால் விமானியை இருக்கையோடு தூக்கி வெளியே எறிய வேண்டும். அந்த இருக்கையைப் பற்றிய புகார் அது. மழை பற்றி எதுவும் இல்லை. மெஹருன்னிஸா கடிதத்தை மடித்து, மறுபடி பிரித்து, இன்னொரு முறை படித்தார். அன்று டீ ஆறிப்போனது.

அடுத்த புதன்கிழமை வந்த கடிதத்தில் மூவாயிரத்து அறுநூறு அடி என்றிருந்தது. அதற்கடுத்த புதன், மூவாயிரத்து இருநூறு. வாரத்துக்கு நானூறு அடி வீதம் அவர் இறங்கிக்கொண்டிருந்தார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். பத்து வாரம்.

கைப்பிடி கைக்கு எட்டுவது, ஆகவே அரசுடையது. இருக்கைக்கு அடியில் இருக்கும் வெடிமருந்துக் குழாய் கைக்கு எட்டாதது, ஆகவே கம்பெனியுடையது. முதல் கூட்டத்தில் அரசுத் தரப்பு சொன்னது: விமானியால் கைப்பிடியை இழுக்க முடிந்திருக்கிறது, ஆகவே கைப்பிடியில் குறை இல்லை. கம்பெனித் தரப்பு சொன்னது: வெடிக்கச் சொல்லி யாரும் குழாயிடம் சொல்லவில்லை, சொல்லாமல் வெடித்தால் அதுதான் குறை. இரண்டும் நியாயமாக இருந்ததால் குறிப்பில் ஏற்றப்பட்டன. இரண்டாவது கூட்டத்தில் முதல் கூட்டத்தின் குறிப்பு வாசிக்கப்பட்டது. மூன்றாவது கூட்டத்தன்று உயரம் இரண்டாயிரத்து நானூறு.

அந்த வாரம் வந்த கடிதத்தில் எழுத்து வழக்கத்தைவிடச் சாய்ந்திருந்தது. விமானம் சாய்ந்திருந்திருக்கும்.

மெஹருன்னிஸா சாப்பாட்டு வேளையில் வீட்டுக்கோ கேன்டீனுக்கோ போவதை நிறுத்திவிட்டார். அவருடைய வரைபடத்தையும் என்னுடையதையும் தரையில் விரித்து மஞ்சள் கோட்டின் மேல் ஒட்டிச் சேர்த்து, முழங்காலிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். உயரம் இரண்டாயிரம் ஆன புதன்கிழமை மதியம் என்னைக் கூப்பிட்டார்.

"நயினார் சார், உங்க கைப்பிடி இங்க முடியுது. என் குழாய் இங்க தொடங்குது."

"ஆமா மேடம்."

"நடுவுல எழுபது சென்டிமீட்டர் இருக்கே. அதுல என்ன இருக்கு?"

நான் குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. கைப்பிடியிலிருந்து குழாய்க்கு ஒரு கம்பி போகவேண்டும். பாதி கைக்கு எட்டும், பாதி எட்டாது. ஆகவே ஒன்றேகால் வருடமாக இரண்டு பக்கத்திலும் யாரும் அதை வரையவில்லை. நான் வரைந்திருக்கலாம். என் தாளில் இடம் இருந்தது. அது இன்றுவரை எனக்கு உறுத்தல்தான்.

இயக்குநர் வரதராஜுலு ஒப்பந்தத்தைப் புரட்டினார். கோட்டைத் தாண்டும் எதையும், விமானி கேட்டுக்கொண்டால் மட்டுமே சேர்க்கலாம் என்று இருந்தது. விங் கமாண்டரின் கடிதங்களைக் காட்டினேன். அவர் தலையசைத்தார்.

"இவங்க இருக்கை வரலைன்னுதான் எழுதியிருக்காங்க. கம்பி வேணும்னு எழுதலையே. மேலும் தேதி வேற நாற்பது வருஷம் தள்ளி இருக்கு. ஒப்புதல் நடப்பு ஆண்டுல வாங்கணும். நேர்ல போய் வாங்கிட்டு வாங்க."

ஆயிரத்து அறுநூறு அடியில் நாங்கள் பஸ் ஏறினோம். சேலம், கரூர், திண்டுக்கல் வழியாக நிலக்கோட்டை. மெஹருன்னிஸா ஜன்னலோரம் உட்கார்ந்து, வரைபடச் சுருளை மடியில் நிறுத்திப் பிடித்திருந்தார். கரூர் தாண்டியதும் அவர், "போன வாரம் அவங்க கால் வலிக்குதுன்னு எழுதியிருந்தாங்க, கவனிச்சீங்களா?" என்றார். கவனித்திருந்தேன்.

அமலோற்பவத்தின் அப்பா ஜெபமாலை பஸ் நிலையத்துக்குப் பின்னால் சைக்கிள் கடை வைத்திருந்தார். வீடு கடைக்குப் பின்புறம். நாங்கள் வந்த விஷயத்தைச் சொன்னதும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "விமான ஆபீஸா? உள்ள வாங்க சார். நேத்தே வருவீங்கன்னு பாத்தேன்" என்றார். அம்மா சூசைமேரி கலர் சோடா வாங்கிவரச் சொல்லி, வந்ததும் எங்கள் முன்னால் வைத்தார்.

விமானி கட்டிலுக்கு அடியில் இருந்தாள். மூன்று வயது. ஒரு சைக்கிள் மணியின் மூடியைத் தரையில் சுழலவிட்டு, அது விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து குனிந்தேன்.

"பாப்பா, உனக்குக் கம்பி வேணுமா?"

"வேணாம்."

மெஹருன்னிஸா வரைபடத்தைத் தரையில் விரித்து இடைவெளியைக் காட்டினார். "இந்த இடத்துல, சின்னதா ஒண்ணு?"

"வேணாம்."

"யோசிச்சுச் சொல்லு" என்றேன்.

"வேணாம்" என்றாள்.

மறுப்பைப் பதிவுசெய்ய ஒரு படிவம் என் பையில் இருந்தது. விமானி மூன்று முறை மறுத்தால் அதை நிரப்பவேண்டும் என்பது விதி. நான் பையைத் திறக்கவில்லை. மெஹருன்னிஸா என் பையைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்தார்.

சூசைமேரிதான் சொன்னார். "இந்நேரத்துக்கு என்ன கேட்டாலும் வேணாம்னுதான் சொல்லும் சார். சோறு வேணுமான்னாலும் வேணாம்கும். தூங்கி எந்திரிக்கட்டும். நாலு மணிக்கு நல்லாப் பேசும்."

காத்திருந்தோம். ஜெபமாலை முன்னால் ஒரு ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். விமானி ஒரு கையைத் தலைக்கு மேல் போட்டு, கால் ஒன்று பாயைவிட்டு வெளியே கிடக்க, வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். இடது முழங்காலில் ஒரு காய்ந்த சிராய்ப்பு. நாங்கள் இருநூறு புகார்களுக்கு மேல் படித்திருந்தோம். அவர் எந்தப் பக்கம் சாய்ந்து உட்காருவார், எந்தக் குளிருக்கு எத்தனை கையுறை போடுவார் என்று எங்களுக்குத் தெரியும். இப்படித் தூங்குவார் என்று தெரியாது. மெஹருன்னிஸா முந்தானையால் ஈயை விரட்டிக்கொண்டே இருந்தார். அந்த மதியத்தை நான் எத்தனையோ முறை திரும்ப நினைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு எந்த வேலையிலும் அப்படி உட்கார்ந்து காத்திருந்ததில்லை.

நாலு மணிக்கு எழுந்தாள். முகம் கழுவி, பால் குடித்து, மெஹருன்னிஸாவின் பக்கத்தில் தானாகவே வந்து உட்கார்ந்தாள்.

"கம்பி எதுக்கு?" என்றாள்.

"மேலருந்து நீ கீழ வர்றதுக்கு."

"நான் மேல போகலையே."

"போவ."

"அம்மா வருமா?"

"இல்லடா. நீ மட்டும்தான்."

"அப்ப பச்சைக் கம்பி" என்றாள்.

விண்ணப்பத்தில் 'பச்சைக் கம்பி கோருகிறேன்' என்று நான் எழுத, ஜெபமாலை கடையின் கிரீஸ் மையைத் தொட்டு அவள் கட்டைவிரலைப் பிடித்து வைத்தார். அவள் இன்னொன்றும் வைக்கவேண்டும் என்றாள். நகலுக்கு ஆயிற்று.

ஓசூர் திரும்பியபோது உயரம் ஆயிரத்து இருநூறு. கோட்டின் மேல் தாளை விரித்து, நான் என் பக்கத்திலிருந்தும் மெஹருன்னிஸா அவர் பக்கத்திலிருந்தும் பச்சை மையில் வரைந்துகொண்டு வந்தோம். சரியாக மஞ்சள் கோட்டில் சந்தித்தோம். எண்ணூறு அடியில் சரிபார்ப்பு முடிந்தது. நானூறு அடிக் கடிதத்தில் ஒரே வரிதான் இருந்தது. "கொய்யா மரங்கள் தெரிகின்றன." வரதராஜுலு அன்று இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்கு முன்பும் பின்பும் அவர் அப்படிச் செய்ததில்லை.

அடுத்த புதன்கிழமை கடிதம் வரவில்லை.

எங்கள் பதிவேட்டில் கடிதம் வராவிட்டால் தீர்ந்தது என்று எழுதவேண்டும். மெஹருன்னிஸா பேனாவைத் திறந்து, எழுதாமல் மூடினார். அதற்கடுத்த புதனும் வரவில்லை. தபால்காரர் எங்கள் வாசலைக் கடக்கும்போது சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். டீ வந்தது, குடித்தோம். நாற்காலிகளைக் கோட்டருகே இழுத்துப் போடவில்லை.

மூன்றாவது புதன்கிழமை வந்தது.

"மருத்துவமனையில் எழுதுகோல் தரவில்லை, அதனால் தாமதம். இருக்கை நன்றாக வெளியே போனது. கொய்யாத் தோப்பில் இறங்கினேன். தோப்புக்காரர் இரண்டு கிளைகளுக்காகக் கோபப்பட்டார், பிறகு பழம் கொடுத்தார். இடது முழங்காலில் சிராய்ப்பு. வேறு புகார் ஏதும் இல்லை. இங்கே மழை விட்டுவிட்டது. உங்கள் இருவரையும் ஒருநாள் பார்க்கவேண்டும் போலிருக்கிறது. கம்பியின் நிறம் பிடித்திருந்தது."

மெஹருன்னிஸா அதைச் சத்தமாகப் படித்தார். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு எழுந்து கோட்டைத் தாண்டி என் பக்கத்துக்கு வந்து, என் மேஜையில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அதன்பின் புகார்கள் குறைந்தன. 1993இல் கடைசிக் கடிதம். அலுவலகத்தை மூடினார்கள். வரைபடங்கள் ஒரு லாரியில் ஏறின. மெஹருன்னிஸா ஆம்பூரில் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சரானார். நான் இன்னும் பல அலுவலகங்களில் பல கோப்புகளைப் பார்த்துத் தென்காசிக்கு வந்து சேர்ந்தேன். பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் போனில் பேசிக்கொள்வோம். அவருக்குக் காது கேட்பது குறைந்துவிட்டது. இருந்தாலும், "அம்மோனியா வாசம் ஞாபகம் இருக்கா நயினார் சார்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். இருக்கிறது என்று சத்தமாகச் சொல்வேன்.

விமானத்தைச் செய்து முடித்துவிட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமை காலை எங்கள் ஊர் மேலாகப் பறக்கிறது. வானம் தெளிவாக இருக்கவேண்டும் என்பதால் நகராட்சி ஆட்கள் நேற்று தெருத்தெருவாக வந்து, மேகங்களை இறக்கி வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வார்களாம். எங்களுக்கு வந்தது நடுத்தர அளவு. பின்னறையில் வைத்திருக்கிறோம். என் மனைவி அங்கே காய்ந்த துணிகளை எடுத்துக் கூடத்தில் போட்டுவிட்டு, அது இருட்டில் இருக்கவேண்டாம் என்று ஜன்னலில் ஒரு கதவை மட்டும் திறந்து வைத்தாள்.