வாய் மூடிய கக்கா

1

இந்தக் கதை எனக்குப் பாறசாலை பஸ்ஸில் கிடைத்தது. முன்சீட்டுப் பெண் மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே சேறும் சிப்பி ஓடுகளும். கண்டக்டர் மூக்கைச் சுளித்தார்.

“மீனாணோ?”

“கக்கா.” எங்கள் பக்கத்தில் சிப்பிக்கு அதுதான் பெயர்.

“எடுத்திட்டு எத்ர நாளாயி?”

“செத்து ஒரு ஆறாயிரம் வருஷமாவும்.”

“அப்போ நாறூலா,” என்று டிக்கெட்டை நீட்டினார்.

அவர் அதோடு விட்டுவிட்டார். நான் விடவில்லை. பெயர் ஷீனா. நிலவியல் ஆய்வு மாணவி. ஊர் திருப்புறம். பக்கத்து வீட்டில் தோண்டும் கிணற்றில் கிடைத்த கக்கா. இவ்வளவுதான் அவள் சொன்னது. மீதி என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: “ஆதியில் திருப்புறத்தில் அலைகள் ஆர்ப்பரித்து...”

வேண்டாம். அலை ஆர்ப்பரித்திருந்தால் ஓடுகள் பிரிந்து, உடைந்து, தேய்ந்து போயிருக்கும். இவை இரண்டு ஓடும் சேர்ந்தே கிடந்தன. ஆக, அமைதியான நீர். அதிலும் இந்த வகைக் கக்கா உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்தில்தான் வாழும். அங்கே இருந்தது கடல்கூட இல்லை, காயல்.

இரண்டாம் தொடக்கம்: மாநில எல்லைக்கு வடக்கே சொல்லும் கதையில், முனிவர் ஒருவர் கோடாலி எறிந்ததும் கடல் நிலத்தைக் கொடுத்தது. தெற்கே சொல்லும் கதையில், கடல் நிலத்தை எடுத்துக்கொண்டது. இடையில் ஒரு சோதனைச் சாவடி இருக்கிறது. அங்கே யாரும் கடலை நிறுத்தி விசாரித்ததாகத் தெரியவில்லை. எனவே

(எனவே ஒன்றுமில்லை. கிணற்றுக்குப் போவோம்.)

3

கிணறு சதானந்தனுடையது. அவர் மனைவி பங்கஜாட்சி ரோட்டோரக் குழாயிலிருந்து குடம் சுமந்தே கால்முட்டு தேய்ந்து போனவர். அதற்காகத்தான் கிணறே. இதுவரை ஈரம்தான், ஊற்று வரவில்லை. நாளைக் காலை சிமெண்ட் உறைகளை இறக்கி, அதற்குள் நின்று மேலும் தோண்டுவார்கள். இறக்கிய உறையை மேலே எடுக்க முடியாது. அது இறங்கிவிட்டால் இன்னொரு கிணறு தோண்ட அந்த வீட்டில் வகையில்லை.

ஷீனாவின் அப்பா ராபின்சன் சபையில் வேதபாடம் எடுப்பவர். குழியை எட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்.

“நோவா காலத்து வெள்ளமாக்கும் இது.”

பங்கஜாட்சி கேட்டார்: “அந்த வெள்ளம் குடிக்கக் கொள்ளாமா அண்ணா?”

[அடிக்குறிப்பு: எங்கள் பக்கம் வெள்ளம் என்றால் தண்ணீர், கொள்ளாம் என்றால் நல்லது. வெளியூர் வாசகர்கள் பேழையில் ஏற வேண்டாம்.]

எழுதிவிட்டுச் சிரித்தேன். பிறகுதான் தெரிந்தது, இந்தக் கதையில் உருப்படியான கேள்வி அது ஒன்றுதான்.

4

ஷீனாவுக்கு விடை ஏறக்குறையத் தெரியும். பழைய காயல் சேறு உப்பைப் பிடித்து வைத்திருக்கும். அந்த இடத்தில் நல்ல நீர் கிடைப்பது சந்தேகம். வீட்டு முன்பக்க மேட்டில், செம்மண்ணில் தோண்டுவதே நல்லது. ஆனால் அவளுடைய ஆய்வுக்குக் கக்காப் படுகையின் அடிமண் வேண்டும். காயல் வருமுன் அங்கே என்ன இருந்தது என்பதை அதுதான் சொல்லும். அதற்கு இன்னும் ஓர் ஆள் ஆழம் தோண்டவேண்டும். அவள் விடையைச் சொல்லாமலிருந்தால் தோண்டிவிடுவார்கள்.

இந்த ஷீனாவை எனக்கே நம்பமுடியவில்லை. பங்கஜாட்சி கையால் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் தின்று வளர்ந்தவள். “அவள் அப்படிப்பட்ட பெண் அல்ல, ஏனென்றால்”

(அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஏனென்றாலுக்குப் பிறகு எதுவும் வரவில்லை.)

5

மாலை. பங்கஜாட்சி கட்டன்சாயாவோடு வருகிறார்.

“மக்கா, நீ படிச்ச பிள்ளையில்லியா? உள்ளதச் சொல்லு. அடியில நல்ல வெள்ளம் உண்டா?”

ஷீனா கையில் ஒரு கக்காவைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். கக்காவின் கீல் எப்போதும் திறக்கத்தான் பார்க்கும். உயிர் உள்ளவரை தசை இழுத்து மூடி வைத்திருக்கும். செத்தால் ஓடு தானாகப் பிளக்கும். மூடியபடியே கிடைத்தால், பெரும்பாலும் அது உயிரோடு புதைந்தது.

முடிவு அ: சொல்லிவிடுகிறாள். தோண்டிய கூலி வீணானதில் சதானந்தன் ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் மேட்டில் கடப்பாரை விழுகிறது. ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் குறைகிறது.

முடிவு ஆ: “தோண்டிப் பாக்கலாம் மாமி.” இதில் பொய் ஒரு சொல்கூட இல்லை.

எனக்கும் ஆ-தான் வசதி. கதையில் ஆழம் இருக்கிறது என்பார்கள். பங்கஜாட்சியின் கால்முட்டு பற்றி யாரும் விமர்சனம் எழுதப் போவதில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆகவே இங்கேயே நிறுத்துகிறேன். ஷீனா இன்னும் வாயைத் திறக்கவில்லை. காலையில் உறை இறங்கும். விஷயம் தெரிந்தவர்கள் இப்போது மூன்று பேர்: அவள், நான், நீங்கள்.

பங்கஜாட்சி பதிலுக்காக நிற்கிறார். அவரால் நெடுநேரம் நிற்க முடியாது.