டெல்பின் எழுதிய இரண்டு பக்கம்

தி. நகரில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் சுப்புராயன், டெல்பின் எழுதிய கட்டுரையை ஒரே நிமிடத்தில் படித்துவிட்டு மேஜையில் போட்டார். பொதுச் சுகாதார மேற்படிப்புக்கு ஏன் வர விரும்புகிறாய் என்று பல்கலைக்கழகம் கேட்டிருந்த இரண்டு பக்கம் அது.

"சப்புனு இருக்கும்மா. சேவை, ஆர்வம்னு எல்லாரும் இதைத்தான் எழுதுறாங்க. படிக்கிறவன் கண்ணு கலங்கணும். வீட்டுல ஏதாவது துக்கம் இருக்கா?"

இருந்ததே! ஜூலையில் அம்மா பியாட்ரிஸுக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தது. அடையாறு ஆஸ்பத்திரியில் டாக்டர் டெல்பினைத் தனியாக அழைத்து, எட்டு மாதம் தாண்டாது என்றார். அவள் வெளியே வந்து, "முதல் ஸ்டேஜ்தானாம் மம்மி, ஊசி போட்டா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதே அவளுக்குப் பிழைப்பு. உண்மை தெரிந்தால் மம்மி அன்றைக்கே படுத்துவிடுவாள் என்று பயந்து செத்தாள்.

"அம்மாவுக்கு கேன்சர், சார்."

"போயிட்டாங்களா?"

"இல்ல சார்."

சுப்புராயன் உதட்டைப் பிதுக்கினார். "போயிட்டாங்கன்னு இருந்தா கட்டுரை நிக்கும். அங்கேருந்து எவன் வந்து பாக்கப் போறான்?"

சொன்னவன் சொன்னான், கேட்டவளுக்கு மதி எங்கே போயிற்று? அன்று மாலையே கோட்டூர்புரம் நூலகத்தில் உட்கார்ந்து பெற்ற தாயைக் கொன்றாள். நோயைப் போன வருடத்துக்குத் தள்ளி, கண்டுபிடித்த எட்டே மாதத்தில் அம்மா போய்விட்டாள், அதனால்தான் இந்தப் படிப்பு என்று முடித்தாள். சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமாக வந்திருந்தது. எழுதும்போது அழுதாள் வேறு. அடிப்பாவி, அந்த அழுகை மட்டும் நிஜம்.

அதோடு விட்டாளா? வேலியில் போன ஓணானை மடியில் எடுத்து விட்டுக்கொண்ட கதையாக, பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் முன்பே, சிபாரிசுக் கடிதம் கேட்டு, தன் பழைய கல்லூரி முதல்வர் ஃபாதர் பவுல்சாமிக்கும் கட்டுரையை அனுப்பினாள். அவர் அம்மாவை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. தங்கமான மனுஷர், உருகி உருகிக் கடிதம் எழுதித் தந்தார். டிசம்பரில், திருவருகைக்கால ஞாயிறன்று, மயிலாப்பூரில் இவர்களுடைய பங்குக் கோயிலுக்கே பிரசங்கம் வைக்க வந்து நின்றார்.

மூன்றாவது வரிசையில் அம்மா முக்காடு போட்டுக்கொண்டு, டெல்பினின் தோளைப் பிடித்து நின்றாள். மன்றாட்டு நேரத்தில் ஃபாதர் மைக்கை நெருங்கினார்.

"நம் டெல்பினின் தாயார், மறைந்த ஆசிரியை பியாட்ரிஸ் அம்மாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக மன்றாடுவோம்."

கோயிலே திரும்பிப் பார்த்தது. அம்மாவோ ஐம்பது வருடப் பழக்கத்தில், எல்லோருக்கும் முந்திக்கொண்டு, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லியே விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கையை நீட்டினாள். "ஃபாதருக்கு இன்னா அனுப்பின? காட்டு."

முப்பது வருடம் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள். போனில் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள். அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது டெல்பினுக்கு.

"சீட்டுக்காக என்னைச் சாகடிச்ச, சரி. இந்த எட்டு மாசம்னு யாரு சொன்னது?"

"சும்மா... நானா போட்டேன் மம்மி."

"என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு."

ஐந்து மாதம் கூசாமல் பொய் சொன்ன வாய்க்கு அப்போது பார்த்துப் பொய் வரவில்லை. "டாக்டர்" என்றாள்.

அம்மா ஜூலையிலிருந்து விரல்விட்டு எண்ணினாள். மார்ச்சில் விரல் நின்றது.

"உன் காலேஜ் எப்ப திறக்குது?"

"ஆகஸ்ட்."

டெல்பின் அவள் மடியில் விழுந்து கதறினாள். "அனுப்ப மாட்டேன் மம்மி, அழிச்சிடுறேன்."

அம்மா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். "அனுப்பு. நீ அங்க போய்ச் சேர்றப்ப, செத்துப்போயிட்டேங்கிறது பொய்யா இருக்காது."