யார் வைத்த பேர்

கூடத்தில் அப்பாவின் உடலைக் கிடத்திவிட்டு நாற்காலிகளைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே பெரியப்பா ஆரம்பித்துவிட்டார்.

"பொண்ணுக்கு நுவலின்னு எங்கேருந்து பேரு பிடிச்சான்னு கடைசி வரைக்கும் சொல்லாமலே போயிட்டான் பாரு."

செத்த வீட்டில் மனுஷர்களின் வாய்க்கு மெல்ல ஏதாவது வேண்டும். அன்றைக்குக் கிடைத்தது நுவலியின் பேர். பள்ளிக்கூடத்தில், பேங்கில், அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில், எங்கே சொன்னாலும் "என்னது?" என்று ஒரு தடவை கேட்காமல் யாரும் விட்டதில்லை. அப்பாவிடம் கேட்டால் ஒரு நாள் நட்சத்திரத்தின் பேர் என்பார், இன்னொரு நாள் கப்பலின் பேர் என்பார். அதற்கு மேல் நச்சரித்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அந்த மனுஷன் நேற்றுக் காலை சவரம் பண்ணிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார், ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்குள் முடிந்துவிட்டது. ஒரு கன்னத்தில் நுரை காயாமல் இருந்தது. நுவலிதான் துடைத்துவிட்டாள். அப்போதிலிருந்து அவளுக்கு அழுகையே வரவில்லை.

"நுவல்னா சொல்றதுன்னு அர்த்தம். பழைய தமிழ்" என்றார் பெரியப்பா. தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஆமா, பஸ் ஓட்டுற மனுஷன் அகராதியைப் புரட்டித்தான் பேரு வச்சாராக்கும்" என்றாள் அத்தை. அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. உலையை மூட மூடி உண்டு, அத்தை வாயை மூடத்தான் இன்னும் ஒன்றும் செய்யவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆம்பளை ஒரு பேரைச் சொல்லிட்டுக் காரணம் சொல்லலைன்னா, அதுக்குப் பின்னாடி எவளோ ஒருத்தி இருக்கான்னு அர்த்தம்" என்றாள்.

"வெளிநாட்டுப் பேருங்க அது" என்று எதிர்வீட்டு டெய்லர் தன் பங்குக்கு ஒன்றைப் போட்டார்.

அந்த நேரத்தில்தான் மீசை மாமா வந்தார். டிப்போவில் அப்பாவோடு பஸ் ஓட்டியவர். மீசையை எடுத்து எத்தனையோ வருஷமாகியும் பட்டப்பேர் மட்டும் போகவில்லை. அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு நுவலி பக்கம் திரும்பினார்.

"உங்கப்பா மாதிரி மக மேல பாசம் வச்சவரை நான் பார்த்ததே இல்லம்மா. ஒவ்வொரு தடவையும் வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி பஸ்ஸை ஒரு சுத்து சுத்தி வருவாரு. குனிஞ்சு அடியில பார்ப்பாரு. நுவலி, நுவலின்னு ரெண்டு தடவை கூப்பிடுவாரு. அப்புறம்தான் ஏறி உட்காருவாரு. டைம்கீப்பர் தொண்டை கிழியக் கத்தினாலும் சரிதான். ஊர்ல எல்லாரும் சாமி பேரைச் சொல்லி வண்டி எடுப்பாங்க, இவரு மக பேரைச் சொல்லி எடுக்குறாருன்னு கிண்டல் பண்ணுவோம்."

நுவலிக்கு நேற்றிலிருந்து வராத கண்ணீர் இப்போது முட்டிக்கொண்டு வந்தது. இப்படி ஒரு அப்பாவா தனக்கு! ஒரு வார்த்தை அவளிடம் சொன்னதில்லையே.

"நான் வேலைக்குச் சேர்ந்த மொத நாளே பார்த்தேன்" என்று மாமா காபியை வாங்கிக்கொண்டார். "அப்புறம் ரெண்டு மூணு வருஷம் கழிச்சு அவரு கல்யாணத்துக்கு நாங்க எல்லாரும் வேன் பிடிச்சு வந்தோம்."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குக் காபியை ஊதிக் குடித்தார். கல்யாணத்துக்கு முன்னாலேயே மகளின் பேரா? நுவலிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நான் என்ன சொன்னேன்?" என்றாள் அத்தை.

நுவலி விறுவிறுவென்று உள்ளறைக்குப் போனாள். அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அப்பாவுக்குப் போட வேண்டிய வெள்ளைச் சட்டையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, யாரும்மா அவ?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். எவள் என்று கேட்கவில்லை. "கதவைச் சாத்து" என்றாள். சாத்தியதும், "அவளுக்கு மூணு வயசுடி" என்றாள்.

நுவலி கதவிலேயே சாய்ந்து நின்றுவிட்டாள்.

"ஸ்டாண்டுல வண்டி நின்னுட்டிருந்திருக்கு. பூனைக்குட்டி ஒண்ணு அடியில ஓடுச்சுன்னு அந்தக் குழந்தையும் பின்னாடியே பூந்திருக்கு. அவங்கம்மா நுவலி, நுவலின்னு கூப்பிட்டுக்கிட்டே தேடி வந்திருக்காங்க. உங்கப்பா காதுலயும் விழுந்திருக்கு. நேரமாச்சேன்னு..." அம்மா சட்டைப் பொத்தானைத் திருகினாள். "எடுத்துட்டாரு. இவர் மேல தப்பில்லைன்னு எல்லாரும் விட்டுட்டாங்க. அவரு விட்டாத்தானே? அதுலேருந்து கூப்பிட்டுப் பார்க்காம வண்டியை எடுத்ததில்ல."

"செத்த குழந்தை பேரையா எனக்கு வச்சீங்க?" நுவலியின் குரல் கிறீச்சிட்டது. "எப்படிம்மா மனசு வந்துச்சு?"

"நான் ஒத்துக்குவேனா? மல்லுக்கட்டினேன். நீ பொறந்ததும் அந்தம்மா வீட்டு வாசல்ல போய் நின்னு, வைக்கலாமான்னு கேட்டிருக்காரு. மூஞ்சில அடிச்ச மாதிரி கதவைச் சாத்திட்டாங்க. மறுநாளும் போய் நின்னாரு. அப்புறம் அவங்களே திறந்து, வைங்க, எங்க வீட்டுல அந்தப் பேரைச் சொல்ல எங்களால முடியல, வேற எங்கேயாவது யாராவது கூப்பிட்டுக்கிட்டு இருக்கட்டும்னு சொன்னாங்களாம். அதுக்கு மேல நான் என்ன பேச?"

"அவங்களுக்கு அந்தப் பேரு எங்கே கிடைச்சுதாம்?"

"வாய்க்கு வந்துச்சு, நல்லாயிருந்துச்சு, வச்சேன்னாங்களாம்."

நட்சத்திரமும் இல்லை, கப்பலும் இல்லை. நுவலிக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது.

"இத்தனை வருஷமா என்னைக் கூப்பிட்டப்பல்லாம் அவரு யாரைக் கூப்பிட்டாரு?"

அம்மா தலையணைக்கடியிலிருந்து அப்பாவின் போனை எடுத்து நீட்டினாள். "அந்தம்மாகிட்ட சொல்லணும். அக்கான்னு போட்டு வச்சிருக்காரு. என்னால முடியாதுடி."

நுவலி புழக்கடைக்குப் போய்த் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து அந்த எண்ணுக்குப் போன் போட்டாள். மணி அடித்த உடனே எடுத்துவிட்டார்கள்.

"சொல்லுங்க தம்பி." வயசான குரல்.

"தம்பி இல்லைங்க... அப்பா நேத்து தவறிட்டாருங்க."

"ஐயோ." அப்புறம் மூச்சுச் சத்தம் மட்டும். "திடீர்னா? படுத்தாரா?"

"திடீர்னுதாங்க."

"யாரும்மா பேசுறது?"

மகள் என்றால் போதும். அதைத்தான் சொல்ல நினைத்தாள். பிறந்ததிலிருந்து ஊரெல்லாம் சொல்லித் திரிந்த பேர், அதை முதலில் வைத்தவளிடமே சொல்லப் போகையில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"யாரும்மா?"

"நுவலி."

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்து அடங்கியது. யாரோ அடுப்பை அணைத்தார்கள்.

"ஏதாவது சாப்பிட்டியாம்மா?" என்றது குரல்.

இல்லை என்று நுவலி தலையை ஆட்டினாள். போனில் தலையாட்டினால் தெரியாது என்று தெரிந்தும், இன்னொரு தடவை ஆட்டினாள்.