ஜெரிக்கு மட்டும் அனுப்பிய நோட்ஸ்

கும்மிடிப்பூண்டி ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பக்கத்து செக்ஷன் பெண்ணின் மடியில் தன் கையெழுத்தைப் பார்த்ததும் பீம்ராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் போடும் நீல அம்புக்குறி, அவன் கட்டம் கட்டி மூடும் விடை, எல்லாம் அச்சு அசலாக அவனுடையது. அவன் பெயர் எழுதிய முதல் பக்கம் மட்டும் இல்லை. எங்கே கிடைத்தது என்று கேட்டான். போன பரீட்சை அன்று காலையில் காலேஜ் வாசல் ஜெராக்ஸ் கடையில், ஜெயவேல் அண்ணனிடம் வாங்கியதாகச் சொன்னாள்.

அவன் நோட்ஸ் எழுதி அனுப்புவது ஒரே ஒருவனுக்குத்தான். ராயபுரத்து ஜெரிக்கு. அந்த நோட்ஸ் உருவாகும் பென் டேப்லெட்டே ஜெரியுடையது. கப்பலில் வேலை பார்க்கும் அவனுடைய ஞானத்தகப்பன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. கறுப்புப் பலகை, அதன்மேல் பேனாவை ஓட்டினால் அதில் ஒன்றும் தெரியாது, எழுத்து லேப்டாப் திரையில் விழும். கண் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். ஜெரிக்கு அது சுட்டுப் போட்டாலும் வரவில்லை. அவன் போட்ட வட்டமெல்லாம் உருளைக்கிழங்கு மாதிரி வந்தது. வெறுத்துப்போய், “இந்த சிலேட்ட நீயே வச்சிக்கோ மாமு. நீ எய்து, நா பட்ச்சிக்கிறேன்” என்று கொடுத்துவிட்டான். பீம்ராவுக்கு ஒரே வாரத்தில் பிடிபட்டது. வாத்தியார் போர்டைத் திரும்பிப் பார்ப்பதற்குள் படம், சூத்திரம், கணக்கு எல்லாம் திரையில் ஏறிவிடும். அன்றைக்கே ஜெரியின் போனுக்குப் போய்விடும். திரையில் படித்தால் பீம்ராவுக்குத் தலைவலி. அதனால் தனக்கென்று ஒரு பிரதி அச்செடுத்துக்கொள்வான்.

ஜெரியைத் தவிர வேறு யார்? சந்தேகம் வந்த மனிதனுக்குச் சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை, அதுவாக வந்து வரிசையில் நிற்கும். ஜெரியின் காலில் புது ஃபுட்பால் பூட்ஸ் இருந்தது. ஜெரி ஜெயவேல் கடையில் நின்று சிரித்துப் பேசினான். பீம்ராவ் பக்கத்தில் வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தான். முன்பெல்லாம் இதில் எதையும் பீம்ராவ் பார்த்ததில்லை; இப்போது வேறெதுவும் கண்ணில் படவில்லை. நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவான் என்று அவனே கேள்வியும் கேட்டு, அவனே பதிலும் சொல்லிக்கொண்டான். ஜெயவேலிடம் போனால் மட்டும் காட்டிக்கொடுக்கவா போகிறார்?

அடுத்த பரீட்சைக்கான நோட்ஸில் பொறி வைத்தான். பிரின்சிபல் ஸ்ட்ரெஸ் சூத்திரத்தில் ரூட்டுக்குள் ஒரு ப்ளஸ் வரும். பேனாவின் பின்பக்கத்தால் அதன் நிற்கும் கோட்டை மட்டும் அழித்தான். மைனஸ் ஆனது. காகிதமாக இருந்தால் தேய்த்த தடமாவது மிஞ்சியிருக்கும், இதில் ஒரு பொட்டுத் தடம் இல்லை. கீழே இருந்த மாதிரிக் கணக்கையும் அதற்கேற்ப மாற்றினான். அந்தப் பிரதி ஜெரிக்குப் போனது. சரியான பிரதியைத் தனக்கு அச்செடுத்துக்கொண்டான். ஜெயவேல் விற்கும் ஜெராக்ஸ் கட்டில் மைனஸ் இருந்தால் ஜெரி மாட்டினான். அந்தக் கட்டு, பரீட்சை அன்று காலையில்தான் வெளியே வரும். அதை முகத்துக்கு நேரே நீட்டிவிட்டு, சரியான சூத்திரத்தையும் சொல்லிவிடலாம் என்பது திட்டம். இன்னொரு அரியர் விழுந்தால் துறைமுகக் கம்பெனி இன்டர்வியூவுக்கு ஜெரியைக் கூப்பிட மாட்டார்கள். அது பீம்ராவுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் அழித்தான்.

பரீட்சை அன்று தண்டையார்பேட்டை தாண்டியதும் சிக்னலில் ரயில் படுத்துவிட்டது. ஜெரி முந்தின வண்டியிலேயே போயிருந்தான். பீம்ராவ் கடைக்கு வந்து சேர்ந்தபோது வாசலில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. ஒரு கட்டைப் பிடுங்கிப் பக்கத்தைப் புரட்டினான்.

ப்ளஸ். கோடு நிமிர்ந்து நின்றது.

யார் கொடுத்தது இது என்று கேட்டான். ஜெயவேல் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னா தம்பி, நீதான வாட்ஸாப்ல அனுப்பிச்ச? பிரிண்ட் போட்டுக் குடுத்தேன்ல. ஃபைலு போன்லயே கீது. புள்ளைங்க கேக்குதுங்க, போட்டுக் குடுக்கறேன். வேணாம்னு நீ சொல்லவே இல்லியே.”

பருவம் முழுக்க, பாடம் முழுக்க, அவனே அவன் கையால் அனுப்பியிருக்கிறான். அழித்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஓடினான். பெயர் வரிசைப்படி ஜெரிக்கு வேறு ஹால், அதுவும் மாடியில். படியில் கால் வைத்தபோதே மணி அடித்தது. கண்காணிப்பாளர் அவனைப் பிடித்து அவன் ஹாலுக்குத் திருப்பி அனுப்பினார். கேள்வித்தாளைப் பிரித்தான். பெரிய கேள்வியே அந்தச் சூத்திரம்தான். பீம்ராவ் அதைச் சரியாக எழுதினான். எழுத எழுதக் கை கூசியது.

வெளியே வேப்பமரத்தடியில் ஜெரி காத்திருந்தான். முகமெல்லாம் பல்.

“அந்த ரூட் கணக்கு அப்டியே வந்துச்சு மாமு. உன் எய்த்து கண்ணுக்கு முன்னாலயே நின்னுச்சு. ஒரு கோடு மாத்தாம எய்திட்டேன்.”

திரும்பும் ரயிலில் ஜெரி வழக்கம்போல ஜன்னல் பக்கத்தில் பையை வைத்து அவனுக்கு இடம் பிடித்தான். பூட்ஸ் இன்னும் கடிக்கிறது, ஞானத்தகப்பன் ஒரு சைஸ் சின்னதாக வாங்கி வந்துவிட்டார் என்றான். போனைக் கவிழ்த்து வைத்த கதையும் தானாகவே வந்தது. பீம்ராவின் பிறந்தநாளுக்கு அந்தப் பேனாவுக்கு மாற்று முனை தேடிக்கொண்டிருந்தானாம், ஜெயவேலிடம்கூட விசாரித்தானாம். எண்ணூர் தாண்டியதும் பீம்ராவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பெண் மடியில் நோட்ஸைப் பார்த்தது, பூட்ஸைப் பார்த்தது, கோட்டை அழித்தது, எல்லாவற்றையும் கொட்டினான்.

ஜெரி கத்தவில்லை. ஒன்றுதான் கேட்டான்.

“எல்லாருக்கும் அப்டி அனுப்சியா, எனக்கு மட்டுமா?”

“உனக்கு மட்டுந்தான்.”

ஜெரி தலையை ஆட்டினான். கொருக்குப்பேட்டை வந்தது, பீம்ராவ் இறங்க வேண்டும். பையிலிருந்து டேப்லெட்டை எடுத்து நீட்டினான். ஜெரி அதைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வண்டி நகரத் தொடங்கியதும் பீம்ராவ் டேப்லெட்டோடு பிளாட்பாரத்தில் குதித்தான். ஜெரி வாங்கிக்கொண்டிருந்தால் மனசு கொஞ்சமாவது ஆறியிருக்கும்.